எஸ்எல்ஆர்என்: சர்வர் மாற்றியதில் எதைப் படித்தேன் என்ற பதிவு போச்சு, உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களைக் கைவிட்டதிலிருந்து, அவற்றைப் படிக்க டெர்மினலில் (எழுத்துக் கட்டளைத் திரையில்) ஓடும் எஸ்எல்ஆர்என் நிரல்தான் எனக்கு. மவுஸ் தொடாமல், பெரிய 'எல்' அழுத்திக் குழுக்களைத் தேடி, பிடித்ததன் மேல் 'எஸ்' தட்டினால் சந்தா. அந்த வேகம் வேறெதிலும் வரவில்லை.

போன வாரம் இடுகைகளைத் தரும் நியூஸ் சர்வரை மாற்றினேன். எஸ்எல்ஆர்என் படித்ததைக் குறித்துவைக்கும் நியூஸ்ஆர்சி கோப்பை அப்படியே கொண்டுவந்தேன். அதில் குழுவின் பெயர், சந்தா இருந்தால் முக்காற்புள்ளி, இல்லையென்றால் ஆச்சரியக்குறி, பிறகு படித்த இடுகைகளின் எண்கள். அந்த எண்களை ஒவ்வொரு சர்வரும் தன் போக்கில் போடுகிறது என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது சி நிரல்மொழிக் குழுவான காம்ப்.லேங்.சி-யைத் திறந்தால், நான் வரிவரியாகப் படித்த பழைய விவாதங்களெல்லாம் புதியவையாக வந்து நிற்கின்றன.

'சி' விசையை அழுத்தினால் முழுக் குழுவும் படித்ததாகிவிடும், தெரியும். ஆனால் நிஜமாகவே படிக்காத இழைகளும் அதோடு போய்விடுமே! ஆனால் ஒவ்வொரு இடுகைக்கும் உள்ள தனி அடையாளமான மெசேஜ்-ஐடி எல்லா சர்வரிலும் ஒன்றுதான். பழைய சர்வர் கணக்கு மாதக் கடைசிவரை இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் புது எண்களை எழுதித் தரும் ஸ்கிரிப்ட் யாரிடமாவது உண்டா? அறுபது குழுக்கள், கையால் முடியாது.