வங்கதேசம் மருந்தில் தன்னிறைவு அடைந்துவிட்டதா?

கடலோடி:
அடைந்துவிட்டது என்றே சொல்வேன். 1982-இல் வந்த தேசிய மருந்துக் கொள்கை, பயனில்லாதவை, தீங்கானவை என்று 1,700-க்கும் மேற்பட்ட மருந்துகளை நீக்கியது. வைட்டமின் மாத்திரையும் வயிற்று எரிச்சல் மருந்தும் உள்ளூர்க்காரர்களே செய்யட்டும் என்று பன்னாட்டு நிறுவனங்களைத் தடுத்தது. மிரட்டல்களுக்கு அஞ்சாமல், அந்தக் கொள்கையை வகுத்தவர்களில் ஒருவரான மருத்துவர் ஜஃபருல்லா சௌத்ரி அதற்காக நின்றார். இன்று நாட்டின் தேவையில் ஏறத்தாழ 97 விழுக்காடு உள்நாட்டுத் தயாரிப்பு. தலைமை என்றால் இதுதான்.

மருந்தாளுநர்:
கடலோடி அண்ணா, சௌத்ரியை நானும் வணங்குகிறேன். ஆனால் மாத்திரைக்குள் இருக்கும் மருந்து, அதாவது மூலப்பொருள், எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும். நான் மாத்திரை ஆலையில் வேலை செய்கிறவள். பாரசிட்டமால் வெள்ளைத் தூளாக டிரம்மில் வந்து இறங்கும். சோதித்து, மாவுச்சத்து சேர்த்துக் குருணையாக்கி, உலர்த்தி, அச்சில் அழுத்துவோம். டிரம் வராத அன்று எங்களுக்கு வேலையே இல்லை. வங்கதேசத்திலும் இதே நிலைதான். முன்ஷிகஞ்ச் மாவட்டத்தில் மூலப்பொருள் தொழிற்பூங்காவுக்கு 2008-இலேயே ஒப்புதல் கொடுத்தும் வேலை ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது.

கடலோடி:
மூலப்பொருளை வாங்குவது குற்றமா? நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு மூலப்பொருளான பென்சிலின்-ஜிக்கு இந்தியாவே பல்லாண்டு சீனாவை நம்பியிருந்தது. கல்லீரல் அழற்சி சி-க்கான சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் மாத்திரை ஒன்று 1,000 டாலருக்கு விற்றபோது, வங்கதேச நிறுவனங்கள் 2015-இலேயே மலிவாகச் செய்து கொடுத்தன. நோயாளிக்கு அதுதானே முக்கியம்?

மருந்தாளுநர்:
ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருப்பதால், பிறர் காப்புரிமை பெற்ற மருந்தையும் செய்யலாம் என்று கிடைத்த விலக்கு அது. அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பர் என்று நாளும் குறித்தார்கள். அதன் பிறகு?

திருமலையான்:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மருந்தியல் பேராசிரியர் செனக பிபிலே 1971-இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, நிறுவனங்களின் வணிகப் பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில், உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, மலிவாக மருந்து வாங்க வழி செய்தார். வாங்கும் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 2022-இல் டொலர் தீர்ந்தபோது, மருந்தில்லாமல் பேராதனை போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தார்கள். கடலோடி ஐயா, விலை மலிவு என்பது கையில் டொலர் இருக்கும்வரைதான்.

கடலோடி:
அதற்காக எல்லா மூலப்பொருளையும் எல்லா நாடும் செய்ய முடியுமா? சிறிய சந்தையில் கட்டுப்படியாகாது.

மருந்தாளுநர்:
எல்லாம் வேண்டாம். அவசரப் பிரிவு ஒரு நாள்கூட இல்லாமல் தாங்க முடியாத மருந்துகளை மட்டும் எடுங்கள். நட்டமானாலும் அரசு செய்யட்டும். அந்தப் பட்டியலைப் போடும் குழுவில் நிதித்துறைக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தால் மலிவு விலைதான் வெல்லும். மூலப்பொருள் செய்யும் நொதித்தல் தொட்டியை இயக்கத் தெரிந்தவர்களும் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கை நடத்துகிறவர்களும் அங்கே இருக்க வேண்டும்.