திரையில் மட்டும் திரும்பும் கால்: காந்தக் குறுக்கீட்டு அனுபவங்கள்

இடுப்பு, தொடை, கணுக்கால் மூன்றிலும் அசைவை அளக்கும் சென்சார் கட்டி, உட்கார்ந்து எழும் அசைவைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். உட்கார்ந்திருந்தவரின் கால் நேராகத்தான் இருந்தது. திரையிலோ கணுக்கால் மெல்ல வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டே போனது. அவர் எழுந்து நடந்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. சென்சாருக்குள் சுழலும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பின் பிழை மட்டும் என்றால் இப்படி வராது; அது சேர்ந்துகொண்டேதான் போகும்.

காந்தப்புலத்தை அளந்து திசை சொல்லும் காந்தமானியின் மூல அளவுகளைப் பார்த்தோம். அறையின் நடுவில் 45 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி இருந்த புலம், நாற்காலியின் இரும்புக் காலருகே 60ஐத் தாண்டியிருந்தது. பூமியின் புலம் ஊருக்கு ஊர் 25 முதல் 65 வரை மாறலாம். ஓர் அறைக்குள் மாறினால் காரணம் பக்கத்தில்தான் இருக்கிறது.

மறுபடி அளவுத்திருத்தம் (calibration) செய்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அது தீர்ப்பது வேறு சிக்கலை. சென்சாரோடு சேர்ந்தே நகரும் பேட்டரி, திருகு போன்றவற்றால், எல்லாப் பக்கமும் சுழற்றிப் பதிந்த புள்ளிகள் மையம் விலகிய நீள்கோளமாக விழும். அதைக் கோளமாக்கி நடுவுக்குக் கொண்டுவருகிறோம். அறையில் அசையாமல் நிற்கும் இரும்புக்கு இந்தக் கணக்கு எட்டாது. அங்கே காந்தமானியை எப்போது நம்புவது, எப்போது விடுவது என்று முடிவெடுக்கத்தான் முடியும்.

புலத்தின் அளவை மட்டும் சோதித்தால் போதாது என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன். சில இடங்களில் இரும்பு அளவை அப்படியே விட்டுவிட்டுத் திசையை மட்டும் வளைத்துவிடும். புலம் கிடைமட்டத்தோடு உண்டாக்கும் காந்தச் சரிவுக் கோணத்தையும் சேர்த்துப் பார்த்து, இரண்டில் எது விலகினாலும், எல்லா அளவுகளையும் இணைத்துத் திசையைக் கணக்கிடும் ஃபில்டரில் காந்தமானியின் பங்கைக் குறைத்தோம். அந்த நொடிகளில் கைரோஸ்கோப் திசையைத் தாங்கிக்கொள்ளும். சாய்வுக்கு, புவியீர்ப்பின் திசையை உணரும் ஆக்சிலரோமீட்டர் இருக்கிறது. கணுக்கால் திரும்புவது நின்றது.

பதில்:
சில நொடிகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. எங்கள் சென்சார்கள் தொடை, கெண்டைக்காலோடு பாதத்திலும் இருந்தன. கான்கிரீட் தரைக்குள் கம்பி. நடக்கும் நேரம் முழுக்கக் குறுக்கீடு. அதனால் காந்தமானியை விட்டுவிட்டு, முழங்கால் பெரும்பாலும் ஓர் அச்சில்தான் மடங்கும் என்ற நிபந்தனையைக் கொண்டு தொடையையும் கெண்டைக்காலையும் இணைத்தோம். இரண்டுக்கும் இடையிலான கோணம் நிலையாகக் கிடைத்தது. வடக்கு எது என்று தெரியாது. நடையை ஆராய அது தேவைப்படவும் இல்லை.

பதில்:
ஒன்று சேர்க்கிறேன். ஒப்பிடுவதற்கான புல அளவையும் சரிவையும் எங்கே எடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். இரும்பு மேசையருகே எடுத்துவிட்டால், அறையின் நடுவிலுள்ள நல்ல புலத்தைத்தான் ஃபில்டர் குறுக்கீடு என்று ஒதுக்கும்.