லாட்ஜ் சாஃப்ட்வேர் திறக்கலை, டேட்டாபேஸ் பக்கத்துல 'சஸ்பெக்ட்'னு வருது

லாட்ஜ்கணக்கு:
வணக்கம். வேலூர் காந்தி ரோடு பக்கம் 38 ரூம் லாட்ஜ்ல கணக்கு பார்க்கறேன். படிச்சது பி.காம், கம்ப்யூட்டர் இல்ல. நேத்து ராத்திரி கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரி கத்திரி வெயில்லயே படுத்துடுச்சு. மாத்தணும்னு ஓனர்கிட்ட நாலு தடவை சொல்லிட்டேன். விண்டோஸ் வருது, புக்கிங் சாஃப்ட்வேர் வரலை. டேட்டாபேஸை ஓட்டறது எஸ்கியூஎல் சர்வர் 2014 எக்ஸ்பிரஸ், இலவசமா வர்றது. டேட்டாபேஸ் பேருக்குப் பக்கத்துல 'சஸ்பெக்ட்'.

இங்க தங்கறவங்க பாதி பேர் கொல்கத்தா, அசாம்லேர்ந்து வைத்தியத்துக்கு வர்றவங்க. மாசக்கணக்கா இருப்பாங்க. யார் எவ்வளவு அட்வான்ஸ் கட்டினாங்கன்றது அதுலதான் இருக்கு. ஒரு அம்மா பெட்டியோட கவுன்ட்டர்ல நிக்கறாங்க, மூணு மணிக்கு காட்பாடியில ரயில். பேக்கப் இருக்கு, ஆனா பிப்ரவரியோடது. தினமும் தானா ஏறும்னுதான் போட்டுக் கொடுத்தவர் சொன்னார்.

டேட்டாபேஸை டீட்டாச் பண்ணி, அதாவது சர்வர்லேர்ந்து கழட்டி, திரும்ப அட்டாச் பண்ணுன்னு ஒரு வீடியோல சொல்றாங்க. செய்யலாமா?

பாலாத்துமணல்:
ஐயோ, வேணாம் சார். சஸ்பெக்ட்னா டேட்டாபேஸ் சேதமாயிருக்கலாம்னு சர்வரே பூட்டி வெச்சிருக்குன்னு அர்த்தம், அதை நேரா டீட்டாச் பண்ண விடாது. எமர்ஜென்சி மோடுக்கு மாத்திட்டுப் பிடுங்கினா அப்புறம் திரும்ப ஒட்டாம நிக்கும். ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில அப்படி மாட்டிக்கினு ரெண்டு ராத்திரி தூங்கலை நான்.

முதல்ல எஸ்கியூஎல் சர்வீஸை நிறுத்துங்க. எம்டிஎஃப் (டேட்டா இருக்கறது), எல்டிஎஃப் (லாக், நடந்த மாற்றமெல்லாம் குறிச்சு வெக்கறது) ரெண்டு ஃபைலையும் வேற டிஸ்க்ல காப்பி எடுங்க. பென்டிரைவ் ஃபேட்32ன்னா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, பார்த்துக்குங்க. காப்பியே பாதியில நின்னா டிஸ்க் போச்சுன்னு அர்த்தம், அதுக்கு வேற வைத்தியம்.

அப்புறம் சர்வீஸை ஆன் பண்ணி எர்ரர் லாக் பாருங்க. 9004ன்னு எர்ரர் நம்பர் இருந்தா அடி அந்த எல்டிஎஃப் லாக் ஃபைல்ல. டேட்டாபேஸை எமர்ஜென்சிக்கு மாத்தினா படிக்க மட்டும் திறக்கும். உடனே அட்வான்ஸ் டேபிளை எக்ஸெல்ல இறக்கிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். அடுத்து செக்டிபி, டேட்டாபேஸ்ல தப்பு இருக்கான்னு தேடற கமாண்ட். தப்பு காட்டற இடத்துல இன்டெக்ஸ் ஐடி 2, 3ன்னு இருந்தா பிழைச்சீங்க, அது சீக்கிரம் தேடறதுக்கு வெச்சிருக்கற பட்டியல்தான், அந்த இன்டெக்ஸை அழிச்சுட்டு திரும்ப கட்டிக்கலாம். 0, 1ன்னா டேட்டாவே அடிபட்டிருக்கு. கடைசி வழி 'ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்', பேர்லயே சொல்லிட்டான். கெட்டுப்போன 8 கேபி பக்கத்தை அப்படியே தூக்கிப் போட்டுடும், எமர்ஜென்சியில ஓட்டினா ரோல்பேக்கும், அதாவது பழையபடி திருப்பறதும், கிடையாது. காப்பி இல்லாம அதுல கை வைக்காதீங்க.

குடியாத்தம்லுங்கி:
இன்னா சார், அந்த அம்மாவை நிக்க வெச்சுக்கினு டைப் பண்றீங்களா? ரசீது புக்ல கார்பன் காப்பி இருக்குமே, பார்த்து அனுப்பி வைங்க.

இன்னொண்ணு. எக்ஸ்பிரஸ்ல ஏஜென்ட், அதாவது நேரம் வெச்சு வேலையைத் தானா ஓட்டறது, கிடையாது. தானா பேக்கப் ஏறணும்னா விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்லதான் போட்டிருப்பாங்க. அதுல பழைய பாஸ்வேர்டு பதிஞ்சிருந்தா, மாத்தினதும் நின்னுடும். பிப்ரவரியில விண்டோஸ் பாஸ்வேர்டு மாத்தினீங்களா?

லாட்ஜ்கணக்கு:
மாத்தினேன் சார். நானேதான்.

அந்த அம்மா ரயில் ஏறிட்டாங்க, ரசீது புக் காப்பாத்துச்சு. 9004தான் இருந்துச்சு. அட்வான்ஸ் முழுசா இறக்கிட்டேன். செக்டிபியில ரெண்டு தப்பு, ரெண்டுமே இன்டெக்ஸ் ஐடி 3. காப்பி இருக்கற தைரியத்துல ரிப்பேரும் ஓட்டினேன், புது லாக் கட்டிக்கிச்சு, சாஃப்ட்வேர் திறந்துடுச்சு. ஒரே குழப்பம்: 208ல ஒருத்தர் 2,000 அட்வான்ஸ் கட்டினதா இருக்கு. ரூம்ல ஆளே இல்ல, ரசீதும் இல்ல.

பாலாத்துமணல்:
என்ட்ரி பாதியில இருக்கும்போது கரண்ட் போயிருக்கும். லாக் நல்லா இருந்தா ஆன் ஆகும்போதே அதை வாபஸ் வாங்கியிருக்கும். புது லாக் கட்டினதால அப்படியே தங்கிடுச்சு. நேத்து ராத்திரி என்ட்ரி ஒவ்வொண்ணா ரிஜிஸ்டரோட ஒத்துப் பாருங்க.

லாட்ஜ்கணக்கு:
நைட் டியூட்டி பையனைக் கேட்டேன். அந்த ஆள் பணம் நீட்டறப்போதான் இருட்டாச்சாம். ஃபேன் இல்லாத லாட்ஜ் வேணாம்னு பணத்தை வாங்கிக்கினு எதிர் லாட்ஜுக்குப் போயிட்டாராம். ஓனர்கிட்ட அதையும் சொல்லிட்டேன். பேட்டரிக்கு இப்பதான் ஆள் அனுப்பியிருக்கார்.