அட்ரஸ் 20 வச்சேன், 32 ஆயிருச்சு. உங்களுக்கும் இப்டி மாட்டிருக்கா?

ஐஸ்காரன்:
காசிமேட்டுல ஒரு ஐஸ் ஃபேக்டரி, புதுசா மாட்டுன டிரைவுக்கு (மோட்டார் ஸ்பீட கன்ட்ரோல் பண்ற பொட்டி) அட்ரஸ் 20 வைக்கணும், ஒரே கேபிள்ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர், அதான் அட்ரஸ். உள்ள ரெண்டு குட்டி திருகு சுவிட்ச், 0-லேர்ந்து எஃப் வரைக்கும். ஒண்ண 2-ல, இன்னொண்ண 0-ல வச்சிட்டு டீ குடிக்கப் போய்ட்டேன். வந்து பாத்தா ஸ்கிரீன்ல உப்புத்தண்ணி டெம்பரேச்சர் வர்றதும் போறதுமா கீது. நான் தொட்டது டிரைவ, கெட்டது அதே கேபிள்ல இருந்த டெம்பரேச்சர் மீட்டரு. போட் வர்ற நேரம், வெளிய ஐஸுக்கு வண்டி நிக்குது, மொதலாளி திட்டக்கூட இல்ல, ஸ்டூல் போட்டு உக்காந்து என் கையையே பாத்துனு இருந்தாரு. அது இன்னும் கண்ணுலயே நிக்குது. ஒன்றரை மணி நேரம் கேபிள மாத்தி மாத்தி பாத்த அப்புறம்தான் உறைச்சுது, ஹெக்ஸ்ல (பதினாறு பதினாறா எண்ற கணக்கு, 9-க்கு அப்புறம் ஏ-லேர்ந்து எஃப்) 20-ன்னா நம்ம 32, அந்த மீட்டரு அட்ரஸும் 32, கூப்டா ரெண்டும் ஒண்ணா கத்துது. 14-னு (16+4, நம்ம 20) திருகி ஆஃப் பண்ணி ஆன் பண்ணதும் கம்முனு ஆச்சு. இந்த ஹெக்ஸ கண்டுபிடிச்சவன் மட்டும் கைல கெடைக்கணும்.

லைட்டு தம்பி:
ஹெக்ஸ இன்னாத்துக்குத் திட்ற, எஃப்ன்னு போட்டிருக்கறத பாத்தப்பவே தெரிய வேணாமா? ராயபுரத்துல ஒரு ரிசப்ஷன், நாலு பார் லைட்டு, ஒண்ணொண்ணுக்கும் நாலு சேனல் (ஒரு கலருக்கு ஒண்ணு, மொதல்ல செவப்பு, கடைசில வெள்ள), மொத சேனல் நம்பர்தான் அட்ரஸ்: 1, 5, 9, 13. ஹெல்ப்பர் பையன் 5-க்கு அஞ்சாவது சுவிட்ச மட்டும் தூக்கிட்டான், அது 16 (சுவிட்ச் ஒண்ணொண்ணும் டபுள் ஆவும், 1, 2, 4, 8, 16; ஒண்ணும் மூணும் போட்டிருக்கணும், 1+4). "அண்ணா பதிமூணாவது சுவிட்ச் எங்கண்ணா, பத்துதான கீது"ன்னு கேட்டான் பாரு, அப்பவாவது நான் திரும்பிப் பாத்திருக்கணும். போட்டோக்கு வெள்ளைய ஏத்துனா கடைசி லைட்டோட வெள்ளையும் இந்த லைட்டோட செவப்பும் ஒரே சேனல், மாப்ள மூஞ்சில பாதி ரத்தச் செவப்பு.

பேனல் அண்ணன்:
தம்பி சொல்றது எல்லாத்துக்கும் செட் ஆவாது. மணலில நான் பாத்த மீட்டர்ல 1-ன்னு போட்ட சுவிட்ச்தான் 128, அட்ரஸ் 3-க்கு 1, 2 போட்டேன், 192 ஆச்சு, அவ்ளோதான் என் கதை. அதனால மொதல்ல ஸ்டிக்கர பாருங்க. தொடறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுங்க. பென்சில்ல தள்ளாதீங்க, கரி உள்ள போச்சுன்னா காண்டாக்ட் போச்சு. நெறைய ஐட்டம் பவர் போட்றப்ப மட்டும்தான் அட்ரஸப் படிக்கும், சுவிட்ச மாத்திட்டு ஒண்ணும் ஆவலன்னு திரும்ப மாத்தாதீங்க. மாட்பஸ்ல (டிரைவ், மீட்டர்லாம் கேபிள்ல பேசிக்கற பாஷை) அட்ரஸ் 247 வரைக்கும்தான், எட்டு சுவிட்சையும் ஆன் பண்ணா 255, செல்லாது. லைனோட ரெண்டு முனைலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கான்னு பாருங்க, நடுவுல வேணாம். கணக்கு வரலன்னா கம்ப்யூட்டர் கால்குலேட்டர்ல புரோகிராமர் மோடு கீது, ஹெக்ஸ நம்ம நம்பரா மாத்திக் காட்டும்.

ஐஸ்காரன்:
அண்ணே 120 ஓம்ஸ யாரு கேட்டா, அதையுந்தான் அன்னிக்கு கழட்டி மாட்டுனேன். பேனல் கதவுல மார்க்கர்ல '14 = 20'ன்னு எழுதிட்டு வந்தேன். போன வாரம் போனா எவனோ கணக்கு தப்புன்னு நடுவுல '+ 6' சேத்து வச்சிக்கிறான்.