சாலைக் கரைக்கு இடும் கழிவுமண்: பெயர் பற்றி

அன்புடையீர்,

கழிவென ஒதுக்கப்பட்டு, பின்னர் சலித்தும் கலந்தும் தரம் சரிசெய்யப்பட்டுச் சாலைக் கரையை, அதாவது சாலையைத் தாங்கத் தரைக்குமேல் எழுப்பும் மண்மேட்டை, உயர்த்தப் பயன்படும் மண்ணுக்கு 'கழிமண்', 'பதமண்', 'மீள்மண்' என்னும் மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் சுருக்கமானவைதான், ஆயினும் ஒன்றையும் என்னால் ஏற்க இயலவில்லை.

'கழிமண்' தாளில் நிற்கும், செவியில் நிற்காது. ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும் வாய்களில் அது களிமண் ஆகிவிடும். களிமண்ணோ நீர் பட்டால் பருத்துக் காய்ந்தால் வெடிக்கும் இயல்பால் கரை வேலையில் பொறியாளர் அஞ்சும் பொருள். 'பதமண்' அழகிய சொல். ஆனால் உழவர் 'மண் பதமாக இருக்கிறது' என்பது ஈரத்தைக் குறித்து. கரையை அடுக்கடுக்காகப் பரப்பி உருளையால் இறுக்கும்போதும் ஈரம் உரிய அளவில் இருந்தால்தான் மண் நன்கு அடர்கிறது. 'பதம்' என்பதை அந்த ஈரத்துக்கே விட்டுவைப்பது நல்லது.

'மீள்மண்' பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஜப்பானில் இதே வகைப் பெயர் சூட்டல் நடந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு ஃபுக்குஷிமா அணுவுலை விபத்துக்குப்பின், கதிரியக்கப் பொருள் படிந்ததால் சுரண்டியெடுத்த மண் ஏறத்தாழ 1.4 கோடி கன மீட்டர், ஒக்குமா, ஃபுத்தாபா ஊர்களில் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. 2045 மார்ச்சுக்குள் ஃபுக்குஷிமா மாவட்டத்துக்கு வெளியே அதற்கு இறுதித் தீர்வு காண வேண்டும் என்பது சட்டம். கதிரியக்கம் கிலோகிராமுக்கு 8,000 பெக்கரலுக்கு (கதிரியக்க அலகு) மேற்படாத மண்ணை, வேர், கல் முதலியவற்றைப் பிரித்தெடுத்தபின், சாலைக் கரை போன்ற பணிகளில் உள்ளே இட்டு மேலே வேறு மண்ணால் மூடலாம் என்பது அரசின் திட்டம். தொடக்கத்தில் அதன் பெயர் 'ஜொக்யோ தோஜோ', அதாவது அகற்றிய மண். 2025இல் அது 'ஃபுக்கோ சைசேய் தோ', அதாவது மீட்சிக்கும் மறுபிறப்புக்கும் உரிய மண் ஆயிற்று. பெயர் மாறியதால் உள்ளிருக்கும் கதிரியக்கச் சீசியம் குறைந்துவிடவில்லை. எங்கிருந்து வந்தது என்பதை மறக்கடிக்கும் பெயர், பிற்காலத்தில் அச்சாலையைத் தோண்டுகிறவருக்குக் கேடு. 'மீள்மண்' அந்த வழியில்தான் செல்கிறது.

'கழிவு' என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் எதிர்ப்பார்கள் என்று கூறப்படலாம். ஃபுக்குஷிமா மாவட்டத்து நிஹொன்மாட்சு நகரில் இம்மண்ணைக் கொண்டு திட்டமிட்ட சாலைச் சோதனை 2018இல் குடிமக்கள் எதிர்ப்பால் நின்றுபோனது உண்மைதான். ஆனால் அன்று வழங்கிய பெயரில் 'கழிவு' இல்லை.

ஆகவே என் பரிந்துரை 'பதனிட்ட கழிவுமண்'. தோல் பதனிடுதல் நாமறிந்த வழக்கு. பச்சைத் தோலைப் பயன்படு பொருளாக்கும் செய்கை அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. பதனும் பதமும் ஒருவேர்ச் சொற்களே என்றாலும் 'பதனிடு' ஈரத்தைக் குறிப்பதில்லை. நீளம் உறுத்துமானால், ஆவணத்தில் ஒருமுறை முழுதாக எழுதியபின் 'பதனமண்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இம்மண்ணை இட்டுக் கரை எழுப்பும் நிரப்புதலுக்குச் சிலர் விரும்பும் 'தூர்ப்பு' என்னும் சொல் வேண்டாம். கிணற்றைத் தூர்ப்பது பள்ளத்தை மூடுவது; கரையோ தரைக்குமேல் எழுவது. 'கரை நிரப்பு' போதும்.

கட்டுமானப் பள்ளத்தில் தோண்டிய இளகிய மண்ணில் சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்து உறுதியாக்குவதும் உண்டு. அதனை ஜப்பானியர் 'கைரியோ தோ' எனத் தனியாகவே வழங்குகின்றனர். அதற்கு 'உரமேற்றிய மண்' என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன், வயலுக்கு இடும் உரம் குறுக்கே வந்து நின்றதால். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.