மக்காவ் நகரில் நான்கு நாள், ஐந்து நண்பர்கள்: சூதாட்ட விடுதியில் தங்குவது சிக்கனமா, செலவா?

தெம்பனிஸ்வாசி

சிங்கப்பூரில் வேலை செய்யும் நண்பர்கள் ஐந்து பேர் மூன்று இரவுகளுக்கு மக்காவ் சென்றுவரத் திட்டமிட்டிருக்கிறோம். இருவர் சிங்கப்பூர்க் குடிமக்கள், மூவர் இந்தியக் கடப்பிதழுடன் வேலை அனுமதியில் இருப்பவர்கள். இங்கிருந்து ஸ்கூட் விமானம் நேராகவே செல்கிறது என்பதால் பயணத்தில் குழப்பமில்லை. விமானக் கட்டணம் நீங்கலாக ஒருவருக்கு 600 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஆனால் கோட்டாயில் இருக்கும் பெரிய சூதாட்ட விடுதிகளில் ஒன்றில் தங்கலாம் என்று இருவரும், பழைய நகரில் சிறிய விடுதி எடுக்கலாம் என்று இருவரும் பிடிவாதமாக நிற்கிறார்கள். ஐந்தாமவரோ ஆளுக்கு 200 வெள்ளி போட்டு ஒரு பொதுப்பணம் சேர்த்து மேசையில் விளையாடலாம் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு

கோட்டாயில் தங்குவதே சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து. அந்த விடுதிகளில் அறை என்பது மேசைக்கு ஆளை வரவழைக்கும் தூண்டில்தான். அறை வாடகையை நம்பி அவை நடக்கவில்லை. சீனப் பெருநிலத்திலிருந்து கூட்டம் வராத வார நாள்களில் அதே அறையை இறங்கிய விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிறு இரவு புகுந்து புதன் காலை வெளியேறுவதுபோல் திட்டமிட்டால், சனிக்கிழமை விலையோடு ஒப்பிடவே முடியாத விலையில் அறை கிடைக்கும். வெனிஷியன் போன்ற இடங்களில் எல்லாமே சூட் அறைகள் என்பதால், ஐந்து பேருக்கு இரண்டு அறைகள் தாராளமாகப் போதும்.

விமான நிலையமும் கோட்டாயும் அருகருகே இருக்கின்றன. விடுதிப் பேருந்துகள் விமான நிலையம், படகுத்துறைகள், எல்லை வாயில் எல்லாவற்றுக்கும் இலவசமாக ஓடுகின்றன. அங்கே தங்குபவரா என்று யாரும் கேட்பதில்லை. வின் பேலஸ் ஏரியின் நீரூற்று நிகழ்ச்சிக்குக் கட்டணமில்லை, அந்த ஏரியின்மேல் கம்பிவட ஊர்தியில் விடுதிக்கு வருவதற்கும் கட்டணமில்லை. சூதாட்டக்கூடத்துக்குள் பால்தேநீரும் தண்ணீரும்கூட இலவசம். ஒரு காசும் பந்தயம் கட்டாமல் இவை அத்தனையையும் அனுபவித்துவிட்டு வருகிறவனே அந்த ஊரில் கெட்டிக்காரன்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணையத்தில் முதலில் தெரியும் விலையில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 5 விழுக்காடு சுற்றுலா வரியும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

நடையன்

வரவுசெலவு அவர்கள் சொன்ன கம்பிவட ஊர்தி விடுதிக்குள் அழைத்து வருவதற்கு ஏன் கட்டணம் வாங்கவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் உங்களை ஓர் இடத்தை நோக்கியே கொண்டுவருகின்றன. அங்கே அறையிலிருந்து இறங்கித் தெருவுக்கு வருவதற்குள் கடைத்தெருவையும் சூதாட்டத் தளத்தையும் கடக்க வேண்டியிருக்கும். உணவுக்கூடத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பழைய நகரின் சந்துக் கடைகளில் இருவர் வயிறாரச் சாப்பிடலாம். அறையில் மிச்சம் பிடித்ததைத் தட்டில் விட்டுவிட்டு வருவது எப்படிச் சிக்கனமாகும்?

மக்காவின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 33 சதுர கிலோமீட்டர்தான். பேருந்துக் கட்டணம் ரொக்கமாக, மக்காவ் நாணயத்தில், 6 பட்டாக்கா, அட்டை வைத்திருந்தால் இன்னும் குறைவு. 2005இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய நகர மையத்தில், செனாடோ சதுக்கத்திலிருந்து, 1835இல் தீக்கிரையாகி முகப்பு மட்டும் மிஞ்சிய புனித பவுல் தேவாலயம் வரையிலும், அங்கிருந்து மேலே கோட்டை வரையிலும் கால்நடையாகவே போகலாம். எதற்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. ஆ-மா கோயிலும் கியா கலங்கரை விளக்கக் குன்றும் அப்படியே. கொலோவானுக்குப் பேருந்து ஏறினால் கருமணல் கடற்கரையும் போர்த்துகீசிய முட்டை டார்ட்டும் ஒரு பகலை நிறைத்துவிடும். இவற்றுக்கு நடுவே தங்குவதை விட்டுவிட்டு, கடலை மண்ணிட்டு நிரப்பிய நிலத்தில் எழுப்பிய போலி வெனிசில் எதற்காகத் தங்க வேண்டும்?

வரவுசெலவு

நடையன் அவர்கள் எழுத்து அழகாக இருக்கிறது, கணக்கைத்தான் காணவில்லை. நிலம் அரிதான ஊர் என்பதால் மக்காவில் மலிவான தங்குமிடங்கள் மிகக் குறைவு. பழைய விடுதிகளில் ஓர் அறையில் இருவர் படுப்பதே கடினம், ஐவருக்கு மூன்று அறைகள் எடுக்க வேண்டிவரும். வார நாள்களில் மூன்று சிறிய அறைகளையும் இரண்டு பெரிய அறைகளையும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் வேறுபாடு நீங்கள் நினைப்பதில் பாதிகூட இருக்காது. தங்குவது கோட்டாய், உண்பது பழைய நகரம் என்று வைத்துக்கொள்வதை எது தடுக்கிறது? விடுதிப் பேருந்துதான் அங்கும் இலவசமாகப் போகிறதே.

கிந்தா

தம்பிமார்களே, அவ்வளவு தூரம் போய்த்தான் ஆக வேண்டுமா? ஜோகூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இரவுப் பேருந்து ஏறினால் விடிவதற்குள் மலேசியாவின் கெந்திங் மலையில் இறங்கிவிடலாம். 7,351 அறைகளோடு உலகிலேயே அறை எண்ணிக்கையில் பெரியது என்று கின்னஸ் பதிவு பெற்ற விடுதி அங்கேதான் இருக்கிறது, வார நாள்களில் அங்கும் விலை இறங்கும். குளிர்ந்த காற்று உண்டு, தமிழில் பேசிச் சாப்பாடு கேட்கலாம். அதெல்லாம் வேண்டாம், மக்காவ்தான் என்றால், அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து ஐவரும் சமைத்துச் சாப்பிட்டு இருக்கலாமே.

நடையன்

அக்கா, வீடு எடுக்கும் யோசனை மட்டும் மக்காவில் ஆகாது. உரிமம் இல்லாத வீடுகளில் பயணிகளைத் தங்கவைப்பதை 2010இல் கொண்டுவந்த சட்டம் தடை செய்கிறது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் உரிமையாளருக்குத் தண்டம், தங்கியிருப்பவர்களுக்கு நடுவழியில் வெளியேற்றம். எல்லை தாண்டிச் சீனப் பக்கத்துச் சூஹாய் நகரில் மலிவாகத் தங்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள இருவருக்குச் சீனாவில் விசா விலக்கு உண்டு. மக்காவுக்கு விசா இல்லாமல் வரக்கூடிய இந்தியக் கடப்பிதழ் நண்பர்கள் மூவருக்கும் சீனாவுக்கு விசா வேண்டும். ஆகவே அதுவும் கணக்கில் வராது. திரும்பும் வழியில் ஹாங்காங்கை எட்டிப் பார்க்க நினைத்தால் அந்த மூவரும் முன்கூட்டியே இணையத்தில் நுழைவுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஹாங்காங்குக்குப் படகைவிடக் கடற்பாலத்தின் வழியாகச் செல்லும் பேருந்து மலிவு. பகலில் 65 ஹாங்காங் டாலர்.

மேசைக்காரன்

எல்லோரும் படுக்கையையும் பேருந்தையும் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மக்காவ் வரை போய் மேசையில் உட்காராமல் திரும்பி வருவதற்கு அந்த நண்பர்கள் ஏன் போக வேண்டும்? குடிமக்கள் இருவருக்கும் சிங்கப்பூரில் சூதாட்டக்கூடத்தின் வாசலைத் தாண்டவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி செலவாகிறது. மக்காவில் 21 வயது நிரம்பியிருந்தால் போதும், ஒரு காசு நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்த மிச்சத்தையே விளையாட்டுப் பணமாக நினைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நண்பர் சொன்ன பொதுப்பணம் நல்ல யோசனை. ஆளுக்கு 200 என்றால் 1,000 வெள்ளி, ஹாங்காங் டாலரில் சுமார் 6,000. பக்காராட் என்னும் சீட்டாட்டத்தில் வங்கி (பேங்கர்) எனப்படும் பக்கம் கட்டினால் கூடத்துக்குக் கிடைக்கும் சாதகம் 1.06 விழுக்காடு மட்டுமே. மணிக்கு 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 300 டாலர் என்று வைத்தாலும் சராசரி இழப்பு 200 டாலருக்குள், அதாவது நம் காசுக்கு 30 வெள்ளியை ஒட்டித்தான் வருகிறது. ஐந்து பேர் சேர்ந்து திரைப்படம் பார்க்கப் போனால் இதைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

வரவுசெலவு

இந்த இடத்தில் நான் நடையன் பக்கம் போய் நிற்கிறேன். மேசைக்காரன் சொன்ன சராசரியில் பிழையில்லை, ஆனால் அந்தச் சராசரி உங்கள் ஒரு மாலைப்பொழுதை விவரிக்காது. 300 டாலர் வீதம் 60 ஆட்டங்கள் ஆடினால் முடிவு இரண்டாயிரம் டாலர் மேலேயோ கீழேயோ போவது மிகச் சாதாரணம். கையில் இருப்பதோ ஆறாயிரம். மேலும் 300 டாலர் மேசை எப்போதும் காலியாகக் காத்திருப்பதில்லை. கூட்டம் மிகும் மாலைகளில் குறைந்தபட்சப் பந்தயத்தை 500, 1,000 என்று உயர்த்திவிடுவார்கள். 500 என்றால் உங்கள் பொதுப்பணம் பன்னிரண்டே பந்தயம். ஐந்து பேர் சுற்றி நிற்க, பத்து நிமிடத்தில் முதலுக்கே மோசம் வரலாம்.

2021 இறுதியில் பெருஞ்செல்வர்களை அழைத்துவரும் முகவர் முறை சரிந்தது; சாதாரணப் பயணியே அங்கு முதன்மை வாடிக்கையாளர் ஆகிவிட்டார். இலவசக் காட்சிகள் பெருகியதும், பொதுத்தளத்தில் சிறு பந்தய மேசைகள் அருகியதும் ஒரே கொள்கையின் இரண்டு முகங்கள். வங்கி பக்கம் வென்றால் வழக்கமாகப் பிடிக்கும் தரகைப் பிடிக்காத மேசை என்ற பலகையைப் பார்த்து மகிழ்ந்துவிடவும் வேண்டாம். அங்கே வங்கி ஆறு புள்ளியில் வென்றால் பாதிப் பணம்தான் கிடைக்கும், அதனால் கூடத்தின் சாதகம் 1.46 ஆக ஏறிவிடுகிறது. சமநிலையின்மேல் கட்டுவது 14 விழுக்காட்டுக்கு மேல் விழுங்கும்.

நடையன்

எண்களைவிடப் பொதுப்பணம் என்பதில்தான் எனக்கு அச்சம் அதிகம். ஐந்து பேர் பணத்தை ஒருவர் கையில் வைத்து ஆடும்போது, எப்போது நிறுத்துவது என்பதை யார் முடிவு செய்வது? வென்றுகொண்டிருக்கும்போது எழுந்திருக்கச் சொல்கிறவன் கோழையாகிறான், தோற்றுக்கொண்டிருக்கும்போது சொல்கிறவன் முன்பே ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்விக்கு ஆளாகிறான். விளையாட விருப்பமில்லாத நண்பர் ஒருவர் அந்த ஐவரில் இருந்தால், வரம்பு 600 என்று ஒப்புக்கொண்டவரிடமிருந்து நட்பின் பெயரால் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்குவதாகத்தானே அது முடியும்? சாப்பாட்டுக்கும் வாடகை வண்டிக்கும் பொதுப்பணம் வையுங்கள், அது பிணக்கைக் குறைக்கும். பந்தயத்துக்கு அவரவர் பணம், அவரவர் பை.

இன்னொன்றை எழுதத் தயங்கினேன், எழுதிவிடுகிறேன். குழுவில் எவரேனும் சிங்கப்பூரின் சூதாட்ட விலக்குப் பட்டியலில் தாமாகவோ குடும்பத்தார் வேண்டுகோளாலோ பெயர் சேர்த்திருக்கிறாரா என்று தனித்தனியே கேட்டுவிடுங்கள். அந்த விலக்கு இங்குள்ள கூடங்களில் மட்டுமே செல்லும், மக்காவின் வாசலில் அவரை யாரும் நிறுத்தமாட்டார்கள். அப்படி ஒருவர் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சூதாட்டக்கூடத்தின் மாடியில் அவரைத் தங்கவைப்பது நண்பர்கள் செய்யும் காரியமாகாது.

மேசைக்காரன்

கடைசிப் பத்தியை முழுமையாக ஏற்கிறேன். அதற்கு முந்தையதை ஏற்கவில்லை. அவரவர் பை என்றால் ஒருவர் 100 வெள்ளியில் எழுவார், மற்றொருவர் இரவு முழுதும் ஆடி மறுநாள் சாப்பாட்டுக்குக் கடன் கேட்பார். நான் சொல்லும் பொதுப்பணத்துக்கு ஒரே நேரம், ஒரே மேசை, ஐவரும் உடனிருக்க ஒரு மணி நேரம், அதோடு முடிந்தது என்ற கட்டுப்பாடு உண்டு. கூட்டமாக ஆடுவதுதான் தனி ஆளின் வெறிக்குக் கடிவாளம்.

வரவுசெலவு

கடிவாளம் அறுந்தால் ஐந்து பேரும் சேர்ந்து விழுவார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். விளையாடியே தீர வேண்டும் என்பவர்களுக்கு, மேசையைவிடக் குறைந்த தொகையில் ஆடக்கூடிய மின்னணு இருக்கைகள் அதே கூடங்களில் உண்டு. எனினும் தொகை குறைகிறதே என்று ஆட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டால் பயன் ஒன்றுமில்லை.

நாணயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மக்காவில் ஹாங்காங் டாலரை எங்கும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான். உண்மை மதிப்பு ஒரு டாலருக்கு 1.03 பட்டாக்கா. சூதாட்ட வில்லைகள் ஹாங்காங் டாலரில்தான் இருக்கும். சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் அன்றன்றைக்கு வேண்டிய அளவு பட்டாக்கா எடுத்துக்கொண்டால் மூன்று விழுக்காடு மிச்சமாகும். மீதம் வைத்துத் திரும்பாதீர்கள், இங்கே அதை மாற்றுவது கடினம்.

தெம்பனிஸ்வாசி

அனைவருக்கும் நன்றி. கிந்தா அக்கா, கெந்திங்குக்கு எங்களில் நால்வர் ஏற்கெனவே போய்வந்துவிட்டதால் இம்முறை விட்டுவிடுகிறோம். இதைக் குழுவில் படித்துக் காட்டியபோது, தனக்கு விளையாடவே விருப்பமில்லை, சொல்லக் கூச்சப்பட்டேன் என்று ஒருவர் இப்போதுதான் வாய் திறந்தார். பந்தயத்துக்குப் பொதுப்பணம் இல்லை என்று முடிவாகிவிட்டது. தங்குமிடத்தில் இன்னும் இழுபறிதான். முதல் இரவைப் பழைய நகரிலும் மற்ற இரண்டைக் கோட்டாயிலும் கழிக்கலாமா என்று யோசிக்கிறோம். விடுப்பு கிடைக்கும் நிலையைப் பார்த்தால் நவம்பர் நடுவில் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டியிருக்கும்.

நடையன்

இடம் மாற்றும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, பெட்டி இழுக்கும் சிரமம் ஒருமுறைதான். நாளைத்தான் மாற்ற வேண்டும். நவம்பர் நடுவில் மக்காவ் கிராண்ட் பிரி கார்ப் பந்தயம் நகரத் தெருக்களிலேயே நடக்கும். சாலைகள் மூடப்படும், பேருந்துகள் சுற்றிப் போகும், அறை விலை ஏறும்.

வரவுசெலவு

இதில் மறுப்பில்லை. டிசம்பர் முதல் வாரம், ஞாயிறு மாலை விமானம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆனால் முதல் இரவைக் கோட்டாயில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு இறங்குகிறவர்களுக்கு விமான நிலையத்துக்கு அருகில் இருப்பதே வசதி.

நடையன்

அப்படியானால் திரும்பும் நாளில் பழைய நகரிலிருந்து பெட்டியோடு விமான நிலையம் வரை வர வேண்டியிருக்குமே. அதற்கு யார் கணக்குப் போடுவது?