துணி டயப்பர் கசிவு, நெடி: புதுப்பிப்பு

ஒன்றரை வயதுப் பையனுக்குத் துணி டயப்பர் ராத்திரியில் கசிகிறது, துவைத்தாலும் மூத்திர நெடி போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

நெடிக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனையூர்ப் பக்கம் எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. சோப்பு நுரைக்காது, அழுக்கும் சோப்பும் துணியிலேயே தங்கிவிடும், டயப்பருக்குள் வைக்கும் உறிஞ்சு துணியான பேட் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். இப்போது கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்து, கடைசி அலசலை மட்டும் அதில் செய்கிறோம். துணி மென்மையாக இருக்க அலசும்போது ஊற்றும் வாசனை லிக்விடையும் நிறுத்தியாயிற்று, அது துணிமேல் படிந்து உறிஞ்ச விடாது. நெடி முக்கால்வாசி குறைந்துவிட்டது.

கசிவு வேறு கதை. மைக்ரோஃபைபர் என்கிற மெல்லிய செயற்கை இழை பேட் சட்டென உறிஞ்சும், ஆனால் பையன் குப்புறப் படுத்து அழுத்தினால் அத்தனையும் வெளியே வந்துவிடும். அதனால் டயப்பரில் பேட் செருகும் பைக்குள் மேலே அது, அடியில் பருத்தி பேட். நடுராத்திரி எழுப்பி மாற்றச் சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு, அவனைத் திரும்பத் தூங்கவைப்பது யார்?

ஐப்பசி மழையில் தடித்த பேட் காயவே இல்லை. மாமியார் சொன்னபடி அதற்குப் பதில் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைக்கிறேன், ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. வெளியூர் போனால் மட்டும் கடை டயப்பர்தான், அதில் எனக்கு வெட்கமில்லை.